முக்குளிப்பான் எங்கே எழும்பும்?

அப்பாவைக் கிராஞ்சிக்கு அழைத்துப் போனது பறவைகளைக் காட்டுவதற்காக அல்ல. சோபாவிலிருந்து அவரை எழுப்புவதற்காக.

கப்பல் பட்டறையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். உட்லண்ட்சில் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் ஒரு 'கோப்பி ஓ', நான்கு கூட்டாளிகள், ஒரு தமிழ்ப் பேப்பர். அதை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரை படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கண் கெட்டதிலிருந்து அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார். பார்ப்பார் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருப்பார்.

குளுக்கோமா என்றால் எல்லாம் மங்கலாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகிறது. முதலில் போவது ஓரப் பார்வை. நேரே பார்ப்பது தெளிவாகவே இருப்பதால், போவது போகிறவருக்கே தெரியாது. அப்பாவுக்கும் அப்படித்தான். எம்ஆர்டி நிலையத்தில் ஆட்கள் அவர் தோளில் வந்து மோதினார்கள். "இப்பல்லாம் ஜனங்களுக்கு மட்டு மரியாதையே இல்ல" என்று ஒரு வருடம் திட்டிக்கொண்டிருந்தார். மோதியது அவர்தான் என்று தெரிந்தபோது இடக்கண் ஏறக்குறையப் போயே போயிருந்தது. வலக்கண்ணில், நட்டநடுவில், ஒரு வட்டம் மிச்சம். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

அக்டோபரில் நடந்த பரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். மருத்துவர் ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னதும் நான்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. கிராஞ்சியில் தண்ணீரும் புல்லுமாக ஓர் இடம் இருக்கிறது, நடந்துவிட்டு வரலாம் என்று அழைத்தேன். "அங்க என்ன இருக்கு?" என்றார். "கொக்கு, கோழியெல்லாம் இருக்காம்பா" என்றேன். அம்மா சமையலறையிலிருந்து, "கொக்கு பாக்கறதுக்கு நெயோ தியூ வரைக்கும் போகணுமா? கீழ கால்வாயிலயே நிக்குது" என்றார். அப்பா மட்டும், "கோழின்னா என்ன கோழி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

கிராஞ்சி சதுப்புநிலம் மனிதர்கள் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. கிராஞ்சி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 1975ல் நீர்த்தேக்கம் வந்தபோது, அதன் வடமேற்குக் கரையில் இருந்த தாழ்ந்த நிலத்தில் நல்ல தண்ணீர் ஏறியது. கோரையும் தாமரையும் முளைத்தன. பறவைகள் தாமாகவே வந்து சேர்ந்தன. 56.8 ஹெக்டர். சிங்கப்பூரில் இருக்கும் நன்னீர்ச் சதுப்புநிலங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 2016 பிப்ரவரியில். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஒரு பகுதிக்கு நாமாகவே போகலாம். உட்பகுதிக் குளங்களுக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். பறவைகளுக்கு நாம் தொல்லை தரக்கூடாது என்பதற்காக.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சதுப்புநிலத்தை அப்படியே விட்டுவிட்டால் அது சதுப்புநிலமாக இருக்காது. ஆகாயத்தாமரையும் கொடிகளும் தண்ணீரை மூடும்; மக்கி அடியில் படியும்; கொஞ்ச வருடத்தில் தரையாகி மரம் முளைத்துவிடும். அதனால் களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. "ஏரிய தூர் வார்ற மாதிரி" என்றார் அப்பா, நான் இதைப் படித்துச் சொன்னபோது.

உள்ளே நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா நின்றுவிட்டார். கையைத் தூக்கி என்னையும் நிறுத்தினார்.

"ஆள்காட்டி" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் கேட்டது. கீச்சென்று, யாரையோ அதட்டுவது போல, திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பது போல ஒரு குரல். புல்வெளியில் தேடினேன். பழுப்பு முதுகு, கறுப்புக் கழுத்து, நீண்ட மஞ்சள் கால், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு தோல். செம்மூக்கு ஆள்காட்டி. "நாம வர்றத எல்லாருக்கும் சொல்லிட்டிருக்கு. ராத்திரி வயல்ல எவன் கால வச்சாலும் காட்டிக் குடுத்துடும். அதான் அந்தப் பேரு" என்றார்.

பத்து வருடமாக வார இறுதிகளில் இரவல் தொலைநோக்கியோடு சுற்றுகிறவள் நான். ஆங்கிலத்தில் இருநூறு பறவைப் பெயர் சொல்வேன். என் அப்பாவுக்குப் பறவை தெரியும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

அப்பாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம், வடுவூர் ஏரிக்கு அருகில். மேட்டூர்த் தண்ணீர் வந்து ஏரி நிறையும். ஐப்பசி கார்த்திகை மழையோடு பறவைகள் வந்து இறங்கும். 1999ல் அந்த ஏரியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அப்பா அதற்கு வெகு காலம் முன்பே கப்பல் பட்டறைக்கு வந்துவிட்டார். அவர் சிறுவனாக இருந்தபோது அது வெறும் ஏரி. பறவை என்றால் பார்ப்பதற்கு அல்ல. நைலான் நரம்பில் கண்ணி முடைந்து வரப்போரம் வைத்துவிட்டு, விடிவதற்குள் போய் எடுப்பார்களாம். "உள்ளான் ரெண்டு இருந்தா ஒரு ஆளுக்குக் கொழம்பு. மொளகு தூக்கலா இருக்கணும்." பக்கத்தில் பெரிய கேமராக்களோடு நின்ற சீன நண்பர்களுக்குத் தமிழ் தெரியாததற்காக நன்றி சொல்லிக்கொண்டேன்.

கோபுரத்தில் ஏறினோம். பத்து மீட்டருக்கும் கொஞ்சம் மேலே உயரம். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார். மேலே போனதும் குளங்கள் மொத்தமும் விரிந்து கிடந்தன. எனக்கு. அப்பாவுக்கு அந்த விரிவு கிடையாது. தொலைநோக்கியைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் கண்ணே ஒரு கொழாதான். கொழாய்க்குள்ள இன்னொரு கொழாய் எதுக்கு? நீ பாத்துச் சொல்லு."

சொல்வதற்கு எனக்கு வார்த்தை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 'கறுப்பா ஒரு பறவை' என்றேன். எந்தக் கறுப்பு, எவ்வளவு பெரிசு, நீந்துகிறதா நடக்கிறதா, வாலைத் தூக்குகிறதா, நெற்றியில் என்ன இருக்கிறது என்று கேள்வி மேல் கேள்வி. "நெத்தியில நாமம் இருக்கா?" இருந்தது. "வெள்ளையா?" இல்லை, சிவப்பு, அலகு நுனி மஞ்சள், விலாவில் ஒரு வெள்ளைக் கோடு. "அப்ப அது தாழைக்கோழி. வெள்ளையா இருந்தா நாமக்கோழி" என்றார். இன்னொன்று, அதைவிடப் பெரிது, நீலமும் ஊதாவுமாக, தடித்த சிவப்பு அலகு. ஒரு காலால் கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பைக் கடிப்பது போலக் கடித்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். நீலத் தாழைக்கோழி. நெல் நாற்றைப் பிடுங்கிப்போடும் என்பதால் ஊரில் அதற்கு நல்ல பெயர் இல்லையாம்.

பிறகு கேட்டார்: "முக்குளிப்பான் இருக்கா?"

தாராவைவிடச் சின்னதாய், வாலே இல்லாதது போல உருண்டையாய், தண்ணீரில் முங்கி முங்கி எழும் பறவை. ஊரில் ஏரிக்கரையில் உட்கார்ந்து அது முங்கியதும் எங்கே எழும்பும் என்று பந்தயம் கட்டுவார்களாம். புளியங்கொட்டைதான் பணயம். அதைக் கண்ணி வைத்துப் பிடித்ததில்லை. "அது வெளையாட்டுக்கு. அதப் போயி யாரு தின்னுவா?"

அந்த நேரத்தில் என் கைப்பேசி மூன்றாவது முறையாக அதிர்ந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட திருத்தம் பத்து மணிக்குள் போக வேண்டும்; அலுவலகக் குழுவில் எல்லாரும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திரையைப் பார்த்தபடியே சொன்னேன்: "ஆமாப்பா. ஒண்ணு இருக்கு."

"எங்க?"

"நடுக் கொளத்துல."

"முங்குதா?"

"முங்குது."

"எழும்பிடுச்சா?"

"ம்... எழும்பிடுச்சு. அதே எடத்துல."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, அவருக்குத் தெரியாத குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. குற்ற உணர்வெல்லாம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். திருத்தத்தை அனுப்பிவிட்டு அவரைக் கைபிடித்து இறக்கினேன்.

முக்குளிப்பான் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னார். மன்னார்குடியில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். கோப்பிக்கடைக்கு மறுபடி போக ஆரம்பித்தார். கூட்டாளிகளிடமும் அதுதான் பேச்சு. சிங்கப்பூரில் முக்குளிப்பான் இருக்கிறது, என் மகள் பார்த்தாள். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கான நாள் கடந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு சின்னப் பறவைதானே.

ஜனவரியில் வழிகாட்டியோடு உட்பகுதிக்குப் போகும் நடைக்கு முன்பதிவு செய்திருந்தேன். பதினைந்து பேர் இருந்தோம். தொண்டூழியர் ஒரு நடுத்தர வயது மாது, மெதுவாகப் பேசுபவர். அப்பாவின் கையைப் பார்த்ததும் நடையின் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டார்.

அன்றுதான் உள்ளானை நன்றாகப் பார்த்தேன். சேறும் தண்ணீரும் சேரும் விளிம்பில், காய்ந்த புல்லின் நிறத்தில், புல்லைப் போலவே கோடு கோடாக. அசையும்வரை தெரியாது. உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் நேரான அலகு. அதைச் சேற்றுக்குள் கண் வரை இறக்கி, தையல் இயந்திரம் போலக் குத்திக்கொண்டே போனது.

கரைப்பறவைகளில் இரண்டு விதம் உண்டு என்று அந்த மாது விளக்கினார். உப்புக்கொத்திகளுக்குப் பெரிய கண், குட்டை அலகு. நாலு அடி ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், டக்கென்று கொத்தும். கண்ணால் சாப்பிடுகிறவை. உள்ளான் வகை அப்படி இல்லை. அதன் அலகு நுனி முழுக்க உணர்வு நரம்புகள். சேற்றுக்குள் புழு இருப்பதைத் தடவியே கண்டுபிடிக்கும். அலகின் நுனியை மட்டும் தனியாக வளைத்துத் திறக்கவும் அதற்கு முடியும். சேற்றுக்குள் அலகைப் புதைத்தபடியே புழுவைப் பிடித்துவிடும். சாப்பாட்டுக்குக் கண் தேவையில்லாததால், கண்கள் தலையில் வெகுவாகப் பின்னால் தள்ளி இருக்கின்றன. பின்பக்கம் வருகிற பருந்தையும் பார்க்கும்.

நான் அப்பாவுக்கு இதைத் தமிழில் சொன்னேன். இந்த முறை வார்த்தைகள் கொஞ்சம் எளிதாக வந்தன. "அதான் கண்ணிய அதுக்கு முன்னாடி வைக்கணும்னு எங்க சின்னையா சொல்லுவாரு. பின்னாடி வச்சா தெரிஞ்சிடும்" என்றார். பிறகு கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "ஓரம் பூராம் தெரியுது அதுக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

நடை முடியும் இடத்தில், தன் ஆங்கிலத்தில், அப்பா அந்த மாதிடம் சொன்னார்: என் மகள் போன நவம்பரில் இங்கே ஒன்று பார்த்தாள். சின்னது. முங்கும். வால் இருக்காது. மாது நின்றுவிட்டார். "லிட்டில் கிரீப்?" என்று என்னைப் பார்த்தார். அவர் கண்கள் விரிந்துவிட்டன. நம் ஊரில் பொதுவாகக் கிடைக்கும் பறவை அல்ல அது. சிங்கப்பூரில் மிக மிக அரிது. நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டார். எந்தத் தேதி? எந்தக் குளம்? ஒன்றா, இரண்டா? படம் இருக்கிறதா?

பதினான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் என் பக்கம்தான் முகத்தை வைத்திருந்தார்.

பறவை பார்ப்பவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது. அந்தக் குறிப்பு யாருடைய கணக்கிலோ சேரும். இல்லாத பறவை இருப்பதாக ஆகும். அது எனக்குத் தெரியும். "நான் தப்பாப் பாத்திருக்கலாம். தாழைக்கோழிக் குஞ்சா இருந்திருக்கும்" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தேன். அவர் புன்னகையோடு, "பரவாயில்லை, எல்லாருக்கும் நடப்பதுதான்" என்று நோட்டை மூடினார். அந்தப் பெருந்தன்மைதான் அதிகமாகச் சுட்டது.

காரில் ஏறினோம். நான் இயந்திரத்தை முடுக்கவில்லை.

"அன்னைக்கே நெனச்சேன்" என்றார் அப்பா. "முங்கின எடத்துலயே எழும்பிடுச்சுன்னு சொன்ன. அது அப்படி எழும்பாது பாப்பா. எழும்புனா பந்தயம் எதுக்கு?"

"பின்ன ஏம்பா எல்லார்கிட்டயும் சொன்னீங்க?"

பதில் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே அவருக்கு எதுவும் தெரியாது, பழக்கம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "கண் டாக்டர் சொன்னதும் இப்படித்தானா?"

இப்போது சொல்கிறேன். அக்டோபரில் மருத்துவர் சொன்னது, வலக்கண்ணிலும் வட்டம் சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்தைக் கூட்ட வேண்டும், அதற்கும் கட்டுப்படாவிட்டால் அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும் என்பது. நான் தமிழில் சொன்னது: "அப்படியேதான் இருக்காம்பா. இன்னொரு சொட்டு மருந்து சேத்துப் போடச் சொல்றாங்க." அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். தம்பிக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் பெர்த்தில் இருக்கிறான். இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். யாரைக் கேட்டு முடிவு செய்தோம் என்று தெரியவில்லை.

"எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்த மெஷினுக்குள்ள தலைய வச்சிக்கிட்டு, வெளிச்சம் தெரியறப்பல்லாம் பொத்தான அமுக்கறது நானு. எத்தன தடவ அமுக்குனேன்னு எனக்குத் தெரியாதா? போன வருசத்துக்கு இந்த வருசம் கை சும்மாவேதான் கெடந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தேற்றவில்லை. கோபமாகவும் இல்லை. கணக்குத் தீர்க்கும் குரலில் பேசினார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. நான் ஒன் கண்ண வச்சித்தான பாக்கறேன். நீயே மாத்திச் சொன்னா, நான் எதுக்கு ஒங்கூட வரணும்? வீட்டுலயே டிவி இருக்குல்ல."

கார் நிறுத்துமிடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும், நினைவிலிருந்தவரை, ஒன்றையும் குறைக்காமல். எந்த மருந்து, எவ்வளவு நாள், அறுவைச் சிகிச்சை என்றால் என்ன, அதனாலும் போன பார்வை வராது என்பது வரை. நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. "தெரியலப்பா" என்றேன். "சரி, அடுத்த தடவ நானே கேக்கறேன். நீ ஒக்காந்திரு" என்றார்.

அடுத்த தடவை அப்படியேதான் நடந்தது. கப்பல் பட்டறை ஆங்கிலத்தில் மருத்துவரிடம் அப்பாவே கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் அது ஒன்று.

பிப்ரவரியில் சுங்கை பூலோவுக்கும் போனோம். நன்னீர் அல்ல, அலையாத்திக் காடும் உப்புச் சேறும். 1986ல் பறவை ஆர்வலர்கள் அந்த இடத்தைக் கண்டு, காப்பாற்றும்படி அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டார்கள். 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்து, 2002ல் இயற்கைக் காப்பகமாகவே ஆக்கிவிட்டார்கள். அலை ஏறும் நேரத்தில் போக வேண்டும். வெளியே சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும் கரைப்பறவைகள், தண்ணீர் ஏற ஏற உள்குளங்களுக்கு வந்து ஒற்றைக்காலில் அடைந்திருக்கும். சிவப்புக் கால் உள்ளவை பவளக்காலி, பச்சைக் கால் உள்ளவை பச்சைக்காலி. பேர் வைத்தவர் நம்மைச் சிரமப்படுத்தவில்லை.

அங்கிருந்து சில பவளக்காலிகளுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தித் தொடர்ந்தபோது, அவை இமயமலையைக் கடந்து திபெத் பீடபூமிக்குப் போவது தெரிந்தது. எல்லாம் வடகிழக்கே சீனக் கடற்கரை ஓரமாகத்தான் போகும் என்று நினைத்திருந்தவர்களுக்கு வியப்பு. இவற்றின் தூரத்து உறவான பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022ல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு, எங்கும் இறங்காமல், பதினோரு நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அப்பாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "சோறு?" என்றார். கிளம்புவதற்கு முன்பே கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும், உடம்பு எடையில் பாதிக்கு அது இருக்கும் என்றேன். "அதான் தை மாசத்துக்கு மேல உள்ளான் நல்லா இருக்கும்" என்றார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய!

ஆனால் அவருக்குப் பிடித்தது கிராஞ்சிதான். தண்ணீர் வாசனை சரியாக இருக்கிறதாம். இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை போகிறோம். கைப்பேசியைக் காரில் வைத்துவிடுகிறேன். எங்களுக்கென்று ஒரு முறை உருவாகியிருக்கிறது. அப்பாவை நேராக நிற்க வைத்து, கடிகார முள் கணக்கில் திசை சொல்வேன்: "ரெண்டு மணிப் பக்கம், கோரைக்குக் கீழ, தண்ணி ஓரம்." அவர் தலையை மெதுவாக, விளக்குக் கம்பத்தைத் திருப்புவது போலத் திருப்புவார். பாதி நேரம் அந்த வட்டத்துக்குள் பறவை விழாது. பறந்துவிடும். விழுந்தால் மூச்சுவிட மாட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது என்று இந்த மாதங்களில் கண்டுகொண்டேன். "பழுப்பு. முதுகுல வெள்ளப் புள்ளி. கால் மஞ்சளா பச்சையான்னு தெரியலப்பா. என்னன்னு எனக்குத் தெரியல." "வாலாட்டுதா?" "லேசா." "பறந்தா பாரு, இடுப்பு வெள்ளையா இருக்கான்னு." காத்திருந்தோம். பறந்தது. மெல்லிய சீட்டிபோல மூன்று தடவை கத்திக்கொண்டே. இடுப்பு வெள்ளை. பொறி உள்ளான். பெயரை நான் புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். குரலை வைத்து அவர் முன்பே தலையாட்டிவிட்டார்.

இருப்பதை இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்ததும், இல்லாதவை நிறைய ஆகிவிட்டன. முக்குளிப்பானை இன்றுவரை கிராஞ்சியில் நாங்கள் பார்க்கவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் குளம் குளமாகத் தொலைநோக்கியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இல்லப்பா" என்பேன். "சரி" என்பார். கோப்பிக்கடைக் கூட்டாளிகளிடம் அவர் போய் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அத்தை மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் போனபோது கரைப்பறவைகள் அனேகமாகக் கிளம்பிவிட்டிருந்தன. உள்ளான் இருந்த சேற்றில் ஓர் உடும்பு படுத்திருந்தது. அலை அலையாக வெயில். கோபுரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மே மாதத்தில் மருத்துவமனையில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி அப்பா பேசவில்லை, நானும் ஆரம்பிக்கவில்லை. தூரத்தில் சீழ்க்கை கேட்டது. சீழ்க்கைச் சிரவிகள், ஏழோ எட்டோ, கழுத்தை முன்னே நீட்டியபடி வந்து நடுக்குளத்தில் இறங்கின.

"எத்தன?"

"எட்டு. இல்ல, இருங்க... ஏழு. கடசியில இருக்கறது தாழைக்கோழி."

"நெசமா ஏழா?"

"ஏழுதாம்பா. பதினோரு மணிப் பக்கம். கொஞ்சம் கீழ."

அப்பா தலையைத் திருப்பினார். ரொம்ப இடது. "இல்ல, வலது வாங்க. இன்னும் கொஞ்சம். போதும்." நின்றார். கைப்பிடியில் விரல்கள் இறுகின.

"ஒண்ணு வந்துச்சு" என்றார். "செவப்பு மண்ணு நெறம். தலைய முதுகுல வச்சிருக்கு."

"ஆமா."

"மத்த ஆறும் என்ன செய்யுது?"

தொலைநோக்கியை எடுத்து வைத்துக்கொண்டு, முதலாவதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.